கோலி இல்லாத ஆட்டம்

புத்தன்முனையில் கலங்கரை விளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில் ஊரிலிருந்த எல்லாப் போனும் ஒன்றாக மணியடித்தன. எடுத்துப் பார்த்தவர்களுக்கு, கடலுக்குப் போய்த் திரும்பாத பத்துப் பேரும் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருப்பதாகச் சேதி வந்திருந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தான், பங்குச்சாமியார் அங்கிப் பைக்குள்ளிருந்து எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். பார்த்த எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: ஸ்கோர் என்ன?

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். இங்கே மீன் பிடிக்கும் வலையும் கோல் போஸ்ட்டில் கட்டும் வலையும் ஒரே கையால் முடிவது. கல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் சம்பளத்துக்குப் பந்தாடப் போனவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் உண்டு. அவர்கள் ஆடுவதைத் தெரிந்துகொள்ள ஊர் முழுக்க ஒரு ஸ்கோர் ஆப் வைத்திருந்தோம், அதற்கு ஒரு துர்க்குணம் இருந்தது: டிவியில் ஆட்டக்காரன் பந்தை உதைக்கக் காலைத் தூக்கும்போதே போன் துடித்து, கோல் என்று சொல்லிவிடும். நடக்கப்போவது போனுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரியும் என்று ஊர் அன்றிலிருந்தே நம்பிவந்தது. அதைத் தமிழில் மாற்றிவைத்தபோது கோலியை அது இலக்குக் காவலர் என்று சொன்னது, திருவிழா டோர்னமெண்டில் மைக் பிடித்துக் கமெண்ட்ரி சொல்கிற நான் அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

அன்றைக்குக் காலையில் அந்த ஆப் அப்டேட் கேட்டது. சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன என்று போட்டிருந்தார்கள். என்ன பிழை, யார் செய்த பிழை என்று அவர்கள் ஒருபோதும் சொல்வதில்லை. நாமும் கேட்காமல் சரி என்று அமுக்கிவிடுகிறோம். நாங்களும் அமுக்கினோம்.

அந்தப் பத்துப் பேரும் ஒரே டீம், ஒரே விசைப்படகு. வாரம் முழுக்க ஆழ்கடலில் சுறா பிடிப்பார்கள், கரைக்கு வந்தால் பந்து பிடிப்பார்கள். காப்டன் சிலுவைதாசன், சந்தைக்கு மீன் சுமக்கும் ரெஜினாளின் ஒரே மகன். பதினோராவது ஆள், கோலி பெர்க்மான்ஸ், அந்த முறை கடலுக்குப் போகவில்லை. வடக்கே ஒரு பெரிய கிளப் அவனை ஆடவிட்டுப் பார்க்கக் கூப்பிட்டிருந்தது. அவன் ரயிலில் போய்ச்சேர்ந்த நாளில் இங்கே காற்று புயலாகத் திரும்பியது. அவனை எடுத்துக்கொள்கிறோம், மழைக்காலம் முடிந்ததும் வந்து சேர் என்று கிளப் சொன்ன நாளில், படகிலிருந்த மஞ்சள் டீசல் கேன் ஒன்று மட்டும் எங்கள் கரையில் ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனின் பெயரை, அவன் வீட்டார் வாயைத் திறந்து கேட்கும்வரை இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்கக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். பத்து வீட்டில் ஒரு வீடும் கேட்கவில்லை.

ஆக, அந்தச் சாயங்காலம் போனைத் திறந்தால் ஒரு பக்கம் புத்தன்முனை, மறுபக்கம் எதிரணிக்குப் பெயருமில்லை, கொடியுமில்லை, வெறும் வெள்ளை வட்டம். எதிரணி யார் என்று ஒருத்தரும் ஒருத்தரைக் கேட்கவில்லை. கரையில் நின்றால் எதிரே இருப்பது யார் என்று கேட்கவா வேண்டும்? எங்கள் பக்கம் பத்துப் பெயர் வரிசையாக இருந்தது. மேலே, இலக்குக் காவலர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.

விளக்கு எரிந்தால் ஆட்டம் தொடங்கும், கோயிலில் செபமாலை மணி அடித்தால் நின்றுவிடும். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிஷம்தான் ஓடும். ஊர் அதைத் தன் பிழைப்புக்குள் எப்படி நுழைத்துக்கொண்டது என்று சொன்னால் நீங்கள் என்னைப் பொய்யன் என்பீர்கள், அந்தப் பெயர் எனக்குப் பழகிப்போன பெயர்தான். படகுகள் விளக்குக்கு முன் கரை சேர்ந்தன. பங்குச்சாமியார் செபமாலையைக் கொஞ்சம் தள்ளிவைத்தார், கேட்டதற்கு மணிக்கயிறு நனைந்திருந்தது என்றார். அந்தோணி வீட்டுப் பையனுக்கு மஞ்சள் அட்டை கிடைத்தபோது, அங்கே போயும் அவனுக்க கோபம் தணியலியே என்று அவன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பெருமைப்பட்டாள். கல்யாணமாகி நாற்பது நாளில் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண், அவன் எத்தனை கிலோமீட்டர் ஓடினான் என்று ஆப் காட்டியதைப் பார்த்துவிட்டு, ராத்திரி அவன் பேருக்கு எடுத்துவைக்கும் சாப்பாட்டில் ஒரு முட்டையைக் கூடுதலாக வைத்தாள். கல்யாண வீடியோக்களை அழித்துப் போனில் இடம் ஒதுக்கினார்கள். ஒரு அப்டேட் கொண்டுவந்ததை இன்னொரு அப்டேட் கொண்டுபோய்விடும் என்று பயந்து அதன்பிறகு எவரும் எதையும் அப்டேட் செய்யவில்லை. பேங்க் ஆப் முடங்கியது, கேஸ் புக் பண்ண முடியவில்லை, சிவப்பு எழுத்தில் போன் மிரட்டிக்கொண்டே இருந்தது, ஊர் பிறகு பார்க்கலாம் என்பதையே அமுக்கிக்கொண்டிருந்தது. ரெஜினாளின் போனில் பேட்டரி பொரித்த அப்பளம்போல உப்பி முதுகு பிளந்துவிட்டது, அவள் அதை மீன் கட்டும் ரப்பர் வளையத்தால் இறுக்கி மடியில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஆனால் கோலி இல்லாத டீம் எத்தனை நாள் தாங்கும்? முதல் கோல் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. நடு மைதானத்திலிருந்து உதைத்தால்கூட உள்ளே போகிற கோல்கள், தடுக்க ஆளில்லாத கோல்கள். ஏழு விழுந்தபோது ஊர் தலை நிமிர்த்தி, மழைக்காலம் முடியட்டும் என்று ஊரிலேயே இருந்த பெர்க்மான்ஸைப் பார்க்கத் தொடங்கியது.

யாரும் ஒரு சொல் தவறாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. டீக்கடைக்குள் அவன் நுழைந்தால் பெஞ்சில் இடம்விட்டார்கள். ஏழுக்குப் பூஜ்யம், பாவம் பயலுவ, என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னார்கள். அவன் கையைப் பார்த்தார்கள். சோற்றுச்சட்டியின் வாயகலம் இருக்கும் அவன் கை. கையைப் பாக்கெட்டுக்குள் ஒளிக்கப் பார்ப்பான், பாக்கெட் கொள்ளாது.

மறுநாள் சாயங்காலம் பெர்க்மான்ஸ் இரண்டு துடுப்பை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனான். அலை வந்து தொட்டுத் திரும்பும் ஈரக்கோட்டில் கோல் போஸ்ட் அகலத்துக்கு அளந்து நட்டான், கையுறையை மாட்டினான், நடுவில் கடலைப் பார்த்து நின்றான். விளக்கு எரிந்தது. அவன் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து எதையும் நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் மணலில் விழுந்து எழுந்தவனின் நெஞ்சில், ஜெர்சியின் மேல், உப்புத்தண்ணீரில் வட்டமாக ஒரு தடம் இருந்தது, எங்கள் கையிலிருந்த போன்கள் துடித்தன. தடுக்கப்பட்டது என்று காட்டின. இலக்குக் காவலர் இடத்தில் அந்தக் கோடு அப்படியேதான் இருந்தது.

அன்றைக்கே பங்குக் கோயில் ஒலிபெருக்கியைக் கடற்கரைக்கு இழுத்துவந்தோம். போனில் வருவதை நான் மைக்கில் படித்தேன், வராததையும் கொஞ்சம் சேர்த்துப் படித்தேன். கோல் காக்கப்பட்டதும் பத்துப் பேருக்கும் உயிர் வந்ததுபோல, இந்தச் சொல்லுக்கு மன்னியுங்கள், வேறு சொல் எனக்கு அகப்படவில்லை, அவர்கள் திருப்பி அடிக்க ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. கோல் அடித்தவனின் வீட்டார் மறுநாள் ஊருக்குச் சர்க்கரை கொடுத்தார்கள். சிலுவைதாசன் தலையால் முட்டி ஏழாவதைப் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்த மறுநாள் ரெஜினாள் சந்தையில் பாதி விலைக்கு மீன் விற்றுவிட்டு வந்தாள்.

தொண்ணூறு நிமிஷம் ஓடி முடிந்தது. விசில் வரவில்லை. கூடுதல் நேரம் என்று வந்து, அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. விசில் வரவேண்டாம் என்றுதான் ஊரும் நினைத்தது. சமனில் நிற்கிற ஆட்டத்தைப் போல ஆறுதல் வேறென்ன இருக்கிறது? ஜெயிக்கவேண்டாம், தோற்கவேண்டாம், பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தால் போதும்.

துடுப்பைப் பற்றிச் சொல்ல மறந்தேன். பெர்க்மான்ஸ் அதைப் பிடுங்குவதில்லை, நட்ட இடத்தில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். மறுநாள் போய்ப் பார்த்தால் அது ஒரு எட்டு கடலுக்குள் இருக்கும். முதலில் அவன் பாதம் நனைந்தது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. கடல் ஏறுது என்று ஊர் சொன்னது, அலையைத் தடுக்கக் கல் போட்டுத் தூண்டில் வளைவு கட்டித் தரச்சொல்லிக் கலெக்டருக்கு மனு எழுதலாம் என்று பேசியது. கடல் ஏறியிருந்தால் படகுகளும் நனைந்திருக்கும், எங்கள் காலும் நனைந்திருக்கும். நனைந்தது அவன் ஒருவன்தான். அதை யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. ஆமாம், ஊர் முழுக்கக் கடற்கரையில்தான் இருந்தது. அத்தனை தலையும் குனிந்திருந்தது. இருபதடி தூரத்தில் ஒருத்தன் கடலுக்குள் பாய்ந்து பாய்ந்து விழ, அவன் தடுத்தானா இல்லையா என்று நாங்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

பார்த்தவள் அவன் மனைவி ப்ளோரி ஒருத்தி. அவள் போனில் சார்ஜ் நிற்பதில்லை, அதனால் கண்ணால் பார்க்கவேண்டியிருந்தது. மழைக்காலம் முடிந்து கிளப்பிலிருந்து கூப்பிட்டார்கள், திங்கட்கிழமை ரயில் ஏறாவிட்டால் வேறு கோலியை எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அவள் பையைக் கட்டிவைத்தாள். அவன் பையைத் தாண்டிப் போய்த் துடுப்பு நட்ட இடத்தில் நின்றான். போகாதே என்று அவனிடம் சொன்னது யார் என்று கேட்டால் ஊரில் ஒரு கை உயராது. ஆனால் அவன் வாசலில் தினமும் விடிந்ததும் ஒரு நெய்மீன் கிடந்தது. யாருக்காவது அதிசயமாகச் சிங்கி இறால் பட்டால் அதுவும் அங்கேதான் போனது. எங்கள் ஊர் அவனைக் கயிற்றால் கட்டவில்லை, மீனால் கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ப்ளோரி ரெஜினாள் வீட்டுக்குப் போனாள். காப்டனின் அம்மா என்பதால் மற்ற ஒன்பது வீடும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் நடந்தது. ரெஜினாள் உப்புப்போட்ட மீனைத் திருப்பிக்கொண்டே, திங்கட்கிழமை கிளப்பு ஓடிப்போவாது, எழுதிப்போட்டா இன்னொரு மாசம் தருவான், பெரிய கம்பெனிக்காரன் அவன், என்று ஏதேதோ சொன்னாள். ப்ளோரி எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

"மாமி, இன்னைக்குச் சாயங்காலம் ஒருக்கா மட்டும் போனைப் பாக்காம அவரைப் பாருங்க. பாத்துட்டு நீங்க இருக்கச் சொன்னா நான் பையை அவுத்துடுறேன்."

அன்றைக்கு விளக்கு எரிந்தபோது துடுப்புகளில் கைப்பிடி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. எதிரணிக்குப் பெனால்டி என்று போன் காட்டியது. நான் மைக்கில் அதைச் சொன்னேன், எனக்கு ரொம்பப் பிடித்தமான குரலில், இழுத்து. எல்லாத் தலையும் இன்னும் கொஞ்சம் குனிந்தது.

ரெஜினாள் ரப்பர் வளையம் போட்ட போனை மடியில் செருகினாள், தலையைத் தூக்கினாள்.

என்ன பார்த்தாள் என்று பிறகு என்னிடம் ஒருமுறை சொன்னாள். கழுத்துவரை தண்ணீரில் ஒரு தலை, அதன் இரண்டு பக்கமும் விரிந்த கை, மூக்கில் அலையடித்தும் கண்ணைச் சிமிட்டாமல் நிற்கிறான், எனக்க மவனும் கடைசியா இப்படித்தான் நின்னிருப்பான், அதைப் போயி நான் கையைத் தட்டிப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், என்றாள்.

சேலையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு அவள் இறங்கினாள். தண்ணீர் அவளை விலக்கியது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவள்தான் தண்ணீரை விலக்கினாள். போய் அவன் ஜெர்சியின் பின்கழுத்தைப் பிடித்தாள். ஒலிபெருக்கி மைக் என் கையில் திறந்தே இருந்ததாலோ காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததாலோ, அவர்கள் பேசியது கரை முழுக்கக் கேட்டது.

"விடுங்க மாமி. பெனால்டி."

"தெரியும்லே. நீ வீட்டுக்குப் போ."

"நான் போனா ஆட்டம் முடிஞ்சிரும், மாமி. சிலுவை தோத்துருவான்."

"எனக்க மவன் தோத்தா தோக்கட்டும்."

அவன் அழுதான். அவ்வளவு பெரிய ஆள், கழுத்தளவு தண்ணீரில் நின்று அழுதான். பந்து வருது, பந்து வருது என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தான். அவள், வலை கிழியாமல் பெரிய மீனை இழுக்கிற மாதிரி, இழுப்பதும் விடுவதுமாகக் கரைக்குக் கொண்டுவந்தாள். வரும்போது ஒரே ஒருமுறை கடலைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை, சந்தையில் பேரம் படியாமல் எழுந்துபோகிறவளின் முகம்தான் இருந்தது.

"ரிட்டர்ன் மேட்சுல பாத்துக்கிடலாம்," என்றாள்.

அவளுடைய கால் ஈரக்கோட்டைத் தாண்டியதும் எங்கள் கையிலிருந்த அத்தனை போனும் துடித்தன. நான் படிக்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு கோலை மைக்கில் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். சொல்லவும் தேவைப்படவில்லை. துடுப்பு இரண்டும் சாய்ந்தன. கொஞ்சநேரம் கழித்து இன்னொரு துடிப்பு, நீளமாக. விசில்.

அதற்குப் பிறகுதான் புத்தன்முனை அழுதது. அந்த மஞ்சள் கேன் ஒதுங்கிய நாளிலிருந்து அழாமல் வைத்திருந்ததையெல்லாம் மொத்தமாக அழுதது. ரெஜினாள் சொட்டச்சொட்ட நனைந்த சேலையோடு நேரே பங்குச்சாமியாரிடம் போய், சாமி, நாளைக்குப் பூசையில சிலுவைதாசன் பேரை வாசிங்க, என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஒன்பது வீடும் வந்து நின்றது. கூடுதலாக முட்டை வைத்த அந்தப் பெண்தான் கடைசியாக வந்தாள், அவள் வாயைத் திறக்கும்வரை சாமியாரும் பேசாமல் காத்துநின்றார்.

மறுநாள் பத்துப் பெயரும் வாசிக்கப்பட்டன. பெர்க்மான்ஸ் பூசை முடிய நிற்கவில்லை, வடக்கே போகிற ரயில் நிற்கவிடாது. பூசை முடிந்து வெளியே வந்த ஊர், கோயில் முற்றத்தில் நின்று ஆப்பை அப்டேட் செய்தது. சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன என்றுதான் அப்போதும் போட்டிருந்தார்கள். பிறகு அதில் ஸ்பெயின்காரனும் இங்கிலாந்துக்காரனும் ஆடினார்கள், வடக்கே ஒரு கிளப்புக்காகப் பெர்க்மான்ஸ் ஆடினான். அவன் பெயருக்கு முன்னால் இலக்குக் காவலர் என்று இருப்பதைப் பார்த்து ரெஜினாள் தன் புதுப் போனைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வாள். அவன் கோல் வாங்கினால், போட்டும், இன்னொரு நாள் பாத்துக்கிடுவான், என்பாள்.

பல வருஷம் கழித்து ரெஜினாள் செத்தாள். கடலில் இல்லை, கட்டிலில். பகலில், கஞ்சி குடித்துவிட்டு, ஒரு வலியும் இல்லாமல். பெர்க்மான்ஸ் விமானத்தில் வந்து சவப்பெட்டியின் முன்பிடியைத் தூக்கினான். அடக்கம் முடிந்து நாங்கள் கல்லறைத் தோட்டத்துக் கேட்டைச் சாத்தும்போது கலங்கரை விளக்கு எரிந்தது, ஊரிலிருந்த எல்லாப் போனும் ஒரே மூச்சில் மணியடித்தன. அதற்குள் பாதிப்பேர் அந்த ஆப்பை அழித்துவிட்டிருந்தார்கள், அவர்கள் போனிலும் வந்தது.

புத்தன்முனை. ரிட்டர்ன் மேட்ச். அந்தப் பத்துப் பெயருக்கு மேலே, கோடு இருந்த இடத்தில், இலக்குக் காவலர்: ரெஜினாள்.

இந்தமுறை ஒருத்தரும் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு எல்லாரும் கடலைப் பார்த்தோம். பெர்க்மான்ஸ் மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டான், பிறகு அதைப் பாக்கெட்டில் ஒளிக்காமல் வெறுமனே தொங்கவிட்டான். எப்படி மாமா, மாமி தாங்குவாங்களா, என்று என்னைக் கேட்டான்.

தலையில் மீன்கூடையோடு ஐம்பது வருஷம் நடந்து, ஒரு சாளைமீனைக்கூடக் கீழே விடாதவள், மக்கா, உயரப் பந்து ஒன்றும் அவளைத் தாண்டாது, என்றேன்.

ஆட்டம் இன்னும் நடக்கிறது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.